நாற்பத்தாறு வீட்டுத் தாமதம்

அமராவதி ஆற்றுக்கு மேற்கே, பூக்காரர் வீதி என்கிற எங்கள் வீதியில், நாற்பத்தாறு வீடுகளும் ஒரு டீக்கடையும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரும் அதது வேகத்தில் இருந்துகொண்டிருந்த ஒரு வருஷத்தில், ஆயுத பூஜை கழிந்த மூன்றாம் நாள், அந்த சென்டரை நடத்துகிற லோகேஸ்வரனின் கம்ப்யூட்டர் மெதுவாகிப்போனது. கம்ப்யூட்டர் என்றால் மெதுவாவதும் திட்டு வாங்குவதும் சகஜம்தானே என்று நாங்கள் இருந்துவிட்டோம். ஆனால் அதற்குள் இருந்தது பழைய சுழலுகிற டிஸ்க் இல்லை. போன சித்திரையில்தான் எஸ்எஸ்டி என்று புதிதாக ஒன்று வாங்கிப் போட்டிருந்தான், சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும், சுழலாது, சத்தம் போடாது, பட்டனை அமுக்கிவிட்டுச் சட்டைக் கையை மடித்துவிடுவதற்குள் திரை தயாராகிவிடும். பிறப்புச் சான்றிதழ் கேட்டு வந்தவர் அப்பா பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் காகிதத்தை நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கம்ப்யூட்டர், இப்போது ஒரு ஆதார் நகலைத் திறக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. லோகேஸ்வரன் நல்ல பையன், முப்பது வயது, எதையும் இரண்டு தடவை துடைக்கிற சுத்தக்காரன், அவன் மனைவி தமயந்தி கடைக்கு மேல் மாடி வீட்டில் ஏழு மாசக் கர்ப்பமாக இருந்தாள்.

ஐப்பசி பிறந்தபோது அந்தத் தாமதம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே வந்தது. முதலில் கடைக்கு அடுத்த வீட்டில் பால் பொங்க மறுத்தது. பிறகு எதிர்வீட்டில் கதவைத் திறக்கப் போன கை தாழ்ப்பாளுக்குப் போய்ச் சேர ஒரு சீரியல் விளம்பர நேரம் ஆனது. ஒரே கம்பத்திலிருந்து மின்சாரம் வாங்குகிற வீடுகளாக ஒவ்வொன்றாகப் பிடித்து, தீபாவளிக்கு முன்பே நாற்பத்தாறு வீட்டுக்கும் தாமதம் வந்து சேர்ந்துவிட்டது. இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கை, கால், நாக்கு, அடுப்பு, வண்டி எல்லாம் தாமதமானதே தவிர மனசு தாமதமாகவில்லை, அது பழைய வேகத்திலேயே உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

மனுஷன் எதற்குத்தான் பழகவில்லை, இதற்கும் பழகினோம். திங்கட்கிழமை பறித்த மல்லிகை வெள்ளிக்கிழமையும் மொட்டாகவே இருந்ததால் பூக்காரர்கள் உச்சி குளிர்ந்துபோய், ஊரில் மற்ற வீதிக்காரர்களின் பூவையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சண்டைகள் நின்றுபோயின, ஏனென்றால் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் சொன்னவருக்கே கோபம் தணிந்து வெட்கம் வந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் விடியும் முன்பே கிளம்பி, பத்து மணிக்கு வீதி முனை பஞ்சர் கடையைத் தாண்டியதும் விட்ட அம்பாக ஓடினார்கள். டீக்கடை ராவுத்தர் பாலை ஆற்றும்போது அந்தரத்தில் நீளும் டீயைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்து கல்யாணப் பார்ட்டிகள் போட்டோ எடுக்க வந்தன. இப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சொன்னவர்கள் எங்களில் பாதிப் பேர், அதில் நானும் ஒருவன், மறைப்பானேன்.

ரிப்பேர் பார்க்க வந்தவர் சென்னியப்பன். ஐம்பது வயது, கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் வாயில் ஒரு ஏலக்காயும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. முதல் தடவை வந்தபோது டிஸ்க் நிறைந்து வழிவதைக் கண்டு பழைய ஸ்கேன்களை அழித்து இடம் பண்ணினார், தானாக ஓடுகிற புரோகிராம்களை நிறுத்தினார், வைரஸ் தேடினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் எல்லாரும் செய்கிற காரியத்தைச் செய்தார், அணைத்துவிட்டுப் போடலாம் என்று கம்ப்யூட்டரை அணைத்தார்.

வீதி நின்றுவிட்டது. நாங்கள் நின்றது எங்களுக்கே தெரியாது, வெளியிலிருந்து பார்த்தவர்கள் பிறகு சொல்லித்தான் தெரியும். காலை பதினொரு மணிக்கு ராவுத்தரின் டீ அந்தரத்தில் நின்றது, சென்னியப்பன் பட்டனில் வைத்த விரலோடு நின்றார், இரண்டு மணி நேரம். மின்கம்பத்தில் ஏதோ ஒரு அதிர்ச்சி ஏற்பட்டுக் கம்ப்யூட்டர் தானே உயிர் பெற்ற பிறகுதான் எங்களுக்கும் மூச்சு வந்தது. பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எட்டாம் நம்பர் வீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழியின் கீழே பதினோரு முட்டைகள் இருந்தன, அவற்றில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. தமயந்தி அந்த முட்டைகளைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளில் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை அணைப்பது என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

இரண்டாவது தடவை சென்னியப்பன் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சோதிக்கிற சாப்ட்வேரோடு வந்தார். தொண்ணூற்றேழு சதவீதம் நலம் என்றது. ஒரே ஒரு எண் மட்டும் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது, வழியில் கெட்டுப்போய்த் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்ட தகவல்களின் எண்ணிக்கை அது. "டிஸ்க்குக்கு நோவு இல்லீங் தம்பி, அது வந்து போற வழியிலதான் என்னமோ அடைச்சிருக்குது" என்று சொல்லி, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கின் பின்னால் இருந்த கேபிளைப் பிடுங்கி வேறொன்றை மாட்டினார். அரை நொடி வேலை.

அந்த அரை நொடி எங்களுக்கு எட்டு நாள். எட்டு நாளும் வீதி பழைய வேகத்தில் ஓடியது, பால் பொங்கியது, சண்டை மூண்டது, மல்லிகை வாடியது. எட்டு நாளும் சென்னியப்பன் கடைக்குள் கேபிளும் கையுமாகக் குனிந்தபடியே இருந்தார். புது கேபிள் போய் உட்கார்ந்ததும் தாமதம் மறுபடி வீதிக்கு வந்துவிட்டது, அவர் நிமிர்ந்து, "இப்பப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். காங்கேயத்தில் அவருடைய அக்கா மகள் கல்யாணம் முடிந்து மறுவீடும் முடிந்திருந்தது. மாமன் சீர் வைக்க வேண்டியவர் அவர். அதற்குப் பிறகு தாமதம் வீதியில் இருந்தவரை பஞ்சர் கடையைத் தாண்டி எங்கள் வீதிக்குள் அவர் கால் வைக்கவில்லை, அதைக் குற்றம் சொல்லவும் முடியாது.

தாமதம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தமயந்திக்கு வலி கண்டது.

காலை டீ வேளைக்குப் பிடித்த முதல் வலி மத்தியானச் சாப்பாட்டு நேரம்வரை விடவில்லை. ஒரே வலி. மனசு தாமதமாகாது என்று சொன்னேனே, அந்த வலியின் ஒவ்வொரு இழையையும் அவள் முழுசாக வாங்கிக்கொண்டிருந்தாள், கத்துவதற்கு வாய் திறக்கவே அரைமணி ஆனது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்று நான்கு பேர் கட்டிலோடு தூக்கினோம். மாடிப்படி பதினெட்டு. சாயங்காலம்வரை மூன்று படி இறங்கியிருந்தோம். பிரசவ வார்டில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்று எங்கள் வீதியிலேயே இருந்த ஸ்டெல்லா சிஸ்டர், திரும்ப மேலேயே கொண்டு போங்கள் என்று கையைக் காட்டினார், அந்தக் கை உயர்ந்து முடிக்கும்வரை நாங்கள் தமயந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. சிஸ்டர் குழந்தையின் நெஞ்சுத்துடிப்பைக் குழல் வைத்துக் கேட்டார். செவ்வாய்க்கிழமை ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று எண்ண முடிந்தது. புதன்கிழமை விடிகாலை பதினொன்றுவரை எண்ண முடிந்தது. எண்ணி முடித்துவிட்டு சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டதைப் பார்த்த லோகேஸ்வரன் அப்போதே படியிறங்கி, வீதியை நடந்து, பத்து மணிக்குப் பஞ்சர் கடைக்கு வந்து சேர்ந்தான். கடைசி வீட்டைத் தாண்டியதும் அவன் கையும் நாக்கும் விடுபட்டன, தடுமாறி விழப்போனவனை பஞ்சர் கடையில் நின்றிருந்த சென்னியப்பன் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்ணா, வேற வழியே இல்லீங்ளா?"

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க தம்பி. அன்னைக்கு கேபிளப் புடுங்குனப்ப டிஸ்க்குல கேபிள் மாட்டற தங்கப் பல்லு மேல மஞ்சளா என்னமோ காஞ்சு ஒட்டியிருந்துச்சு. கம்பெனிப் பசைன்னு விட்டுட்டேன். வூட்டுக்குப் போயி யோசிச்சா, எந்தக் கம்பெனியும் அங்க பசை தடவாது."

லோகேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சந்தனமுங்ணா. ஆயுத பூஜைக்கு வெச்சனுங்."

"உள்ளயா?"

"டப்பாவத் தொறந்து ஒவ்வொண்ணாக் கழட்டி வெச்சனுங். சந்தனம் குங்குமம் ரெண்டும்."

"ஏந்தம்பி, எல்லாரும் வெளிய வெப்பாங்க, மானிட்டருக்கு ஒரு பொட்டு, பொட்டிக்கு ஒரு பொட்டு. வெளிய வெச்சாப் போதாதா?"

"வெளிய இருக்கறது டப்பாதானுங்களே. ஒழைக்கறது உள்ள இருக்கறதுதானுங். அதுக்கு வெக்காம டப்பாவுக்கு வெச்சா நாயமா?"

சென்னியப்பன் வாயிலிருந்த ஏலக்காயைத் துப்பினார். நியாயம்தான். சட்டைப் பையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற வெள்ளை அழிரப்பர் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"கேபிளக் கழட்டி, பல்லு மேல இதப் போட்டு ஒரே ஒரு தேய்ப்பு, ஊதி உட்டுட்டு மறுபடி மாட்டோணும். கழட்டுன நிமிஷமே வீதிய உட்டுரும். ஆனா நாப்பத்தாறு வூட்டுத் தாமதமும் கழட்டுன ஆளு மேல வந்து உக்காந்துக்கும். கீழ போட்டுட்டு ஓடியார முடியாது, மாட்டுனாத்தான் உடும். அரை நொடிக்கு எனக்கு எட்டு நாளு போச்சு, அதுவும் ஐப்பசில. இப்ப ஏறியிருக்கற ஏத்தத்துக்கு..."

"எத்தன நாளாகுமுங்?"

"நாளுன்னு சொல்ல எனக்கு வாய் வரல தம்பி." அவர் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "வேணும்னா நான் போறேன். எனக்குக் கை பழக்கம்."

"வேண்டாமுங்ணா. பொட்டு வெச்சது நானுங்."

சொல்லிவிட்டு அவன் திரும்பி நடந்தான். பஞ்சர் கடையிலிருந்து கம்ப்யூட்டர் சென்டருக்குச் சாதாரணமாக நான்கு நிமிஷம். பத்தரைக்கு வீதிக்குள் கால் வைத்தவன் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் மாடிப்படிக்குக் கீழே வந்து சேர்ந்தான். மேலே தமயந்தியின் குரல் ஒரே நீளமாக, ஏறாமலும் இறங்காமலும் கேட்டுக்கொண்டிருந்தது. பதினெட்டுப் படி ஏறி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தால் இருட்டிவிடும், சிஸ்டரின் எண்ணிக்கை எதுவரை போயிருக்குமோ தெரியாது. ஒரு காலைப் படியில் வைத்தான், வைத்த காலை எடுத்தான். அதற்கே ஐந்து நிமிஷம் போனது. பிறகு மேலே பார்த்து, "தமயந்தி, இதா வந்தர்றேன்" என்று சொன்னான். அந்த ஒரு வாக்கியம் படிப்படியாக ஏறிப் போய் அவள் காதில் விழுந்ததா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவன் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போனான்.

அவன் கேபிளைக் கழற்றிய கணம் நாற்பத்தாறு அடுப்பிலும் பால் ஒருசேரப் பொங்கி வழிந்தது. அரைகுறையாகத் திறந்திருந்த கதவுகள் சுவரில் மோதின. ராவுத்தரின் டீ கீழே கொட்டியது. மாடியில் இரண்டு நாளாக நீண்டுகொண்டிருந்த கூப்பாடு ஒரு பெரிய வீறிடலாக முடிந்து, அடுத்த வலியும் அதற்கடுத்த வலியும் அதனதன் நேரத்தில் வந்து போய், ஐந்து மணிக்குள் ஒரு பெண் குழந்தை பிறந்து அழுதது. அழுகைச் சத்தம் கேட்டதும் வீதியே கைகொட்டியது, சிரித்தது, பிறகு ஒவ்வொருவராகக் கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பினோம். லோகேஸ்வரன் கேபிளை ஒரு கையிலும் டிஸ்க்கை ஒரு கையிலும் பிடித்துக் குனிந்தபடி இருந்தான். மூன்றாம் நாள் தமயந்தி குழந்தையோடு இறங்கி வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றாள். அவன் நிமிரவில்லை. அவனுக்கு அந்த மூன்று நாள் கண் இமைக்கிற நேரம்கூட ஆகியிருக்காது.

அதன் பிறகு நாங்கள் அவனுக்கும் பழகினோம். வேலைக்குப் போகிறவர்கள் கடையைக் கடக்கும்போது கை எங்கே வந்திருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். ராவுத்தர் கண்ணாடியில் சாக்பீஸால் அவன் விரல் இருக்கும் இடத்தில் மாசம் ஒரு கோடு போட்டார். முதல் வருஷம் முழுவதும் அவன் வலது கை அழிரப்பரை எடுக்கச் சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. வெளியூர்க்காரர்கள் வந்து கதவுக்குச் சூடம் காட்ட ஆரம்பித்தார்கள், யாரோ ஒரு புண்ணியவான் கைப்பிடியில் சம்பங்கி மாலையைப் போட்டுவிட்டுப் போனான். தமயந்தி அந்த மாலையைப் பிய்த்து எறிந்தாள். "உசுரோட இருக்கற மனுசனுக்கு மாலை போடாதீங்க. சாமியுமில்ல ஒண்ணுமில்ல, எங்கூட்டுக்காரரு, ரிப்பேர் பாத்துட்டு இருக்கறாரு" என்றாள். அவள் எதிர்வீட்டுத் திண்டில் பூக்கட்டிக்கொண்டே அவனைப் பார்த்துக்கொண்டிருப்பாள், கோபமும் அழுகையும் அவளுக்கு மாறி மாறி வரும், இரண்டையும் அவள் எங்களிடம் மறைத்ததில்லை. பாப்பா அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றது, அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது, பேச்சு வந்ததும் தினமும் பள்ளிக்கூடம் போகும்போது அதனிடம்தான், "அப்பா, நான் போய்ட்டு வர்றேனுங்" என்று சொல்லிவிட்டுப் போனது.

கம்ப்யூட்டர் அணைந்தால் அவனும் நின்றுவிடுவான். இரண்டு மணி நேரம் நாங்கள் தாங்கினோம், அதற்கு மேல் ஒரு மனுஷன் தாங்குவானா என்று யாருக்குத் தெரியும். அதனால் மின்சாரம் போகும்போதெல்லாம் கடைக்கு மின்சாரம் கொடுப்பதற்கு வீதி முறை வைத்துக்கொண்டது, ஒவ்வொரு தடவை ஒரு வீட்டு இன்வெர்ட்டர். தாமதம் நல்லது என்று சொன்ன பூக்காரர்கள்தான் முதலில் முறை எடுத்தார்கள்.

மூன்றாம் வருஷம் அவன் தேய்க்க ஆரம்பித்தான். சென்னியப்பன் மாசாமாசம் வந்து கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்ப்பார். ஒரு தேய்ப்பு முடிந்ததும் மஞ்சள் போய்த் தங்கப் பல் பளிச்சென்று தெரிந்தது, "அவ்வளவுதான், மாட்டுங்க தம்பி" என்று கத்தினார். லோகேஸ்வரனின் கை மறுபடியும் பல்லின் ஆரம்பத்துக்கே திரும்பிப் போனது. சென்னியப்பன் தலையிலடித்துக்கொண்டார். தமயந்தி மட்டும், "அவருக்கு ஒருக்காத் தொடச்சா மனசு ஆறாதுங்" என்றாள். அந்த இரண்டாவது தேய்ப்பு பதினான்கு மாசம்.

ஐந்தாம் வருஷம் ஐப்பசியில், அவன் டிஸ்க்கை ஊதிவிட்டுக் கேபிளை அதன் வாய்க்கு நேராகக் கொண்டுவந்துகொண்டிருந்தபோது, புயல் வந்தது. சாக்பீஸ் கோட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு நெல் அளவு தூரம் இருந்த அன்று மத்தியானம், டிரான்ஸ்பார்மர் வெடித்தது. ஆற்றில் வெள்ளம், பாலம் மூழ்கியது, ஜெனரேட்டருக்கு டீசல் வரவில்லை. முறைப்படி ஒவ்வொரு வீட்டு இன்வெர்ட்டராக இழுத்தோம். அவரவர் வீட்டில் விளக்கைப் போடவில்லை, மிக்சியைப் போடவில்லை. முதல் நாள் பத்தொன்பது வீடு தீர்ந்தது, இரண்டாம் நாளோடு முப்பது, மூன்றாம் நாளோடு நாற்பத்திரண்டு. நாலாம் நாள் காலை நாற்பத்தாறாவது வீட்டு பேட்டரியும் கூவ ஆரம்பித்தபோது மிச்சம் இருந்தது ராவுத்தர் டீக்கடையின் பழைய பேட்டரி ஒன்றுதான். அவர் அதை இடுப்பளவு தண்ணீரில் தலையில் தூக்கிக்கொண்டு வந்து மாட்டினார். "அரை மணி தாங்கும், அல்லாதான் மீதியப் பாத்துக்கணும்" என்றார்.

வீதி முழுக்க மழையில் நின்றோம். தண்ணீர் ஏறாத உயரமான கடைவாசலில் பாப்பா கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு நின்றது. கேபிளுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இப்போது ஒரு முடி அளவு வெளிச்சம் தெரிந்தது. பேட்டரியின் சிவப்பு விளக்கு மினுக்கியது. சென்னியப்பன் தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார், அல்லது அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முடி அளவு வெளிச்சம் மறைந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்ற எங்களுக்கே கேட்கும்படி டக்கென்று ஒரு சத்தம், கேபிள் போய் உட்கார்ந்த சத்தம், கம்ப்யூட்டர் திரையில் ஐந்து வருஷமாகப் பாதியில் நின்ற ஆதார் நகல் சட்டென்று முழுசாகத் திறந்தது. அடுத்த நொடி பேட்டரி தீர்ந்து திரை கறுத்தது, ஆனால் லோகேஸ்வரன் நிற்கவில்லை. அவன் நிமிர்ந்தான்.

நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே அவன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். மழையைப் பார்க்கவில்லை, வெள்ளத்தைப் பார்க்கவில்லை, காதோரம் நரைத்த மனைவி பத்தடி தள்ளி நிற்பதைப் பார்க்கவில்லை. அவன் கண் மாடிப்படியின்மேல் இருந்தது, படிக்கும் அவனுக்கும் குறுக்கே பாப்பா நின்றிருந்தது.

"சித்தெ தள்ளிக்க சாமி" என்று அதன் தோளைத் தொட்டு நகர்த்தினான். "மேல எங்கூட்டுக்காரிக்கு வலி, கொழந்த பொறக்கப் போகுது."

பாப்பா நகர்ந்து வழிவிட்டது. அவன் மூன்று படி ஏறியதும், பின்னாலிருந்து, தினமும் கண்ணாடியிடம் பேசுகிற அதே குரலில் சொன்னது.

"அது பொறந்துருச்சுங்ப்பா. நாந்தானுங் அது."